எழுபது எம்.எம். படத்தின் இடது ஓரம்

எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய முன்பல்லை உடைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம், பெட்ரோல் நிலையத்தில் வரிசை தாண்டி வந்தவனுடைய காதைக் கிழித்தேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. வெட்கமும் ரொம்ப நாளாக இல்லாமல்தான் இருந்தது. இப்போது இருக்கிறது. காரணம், கடைசியாக நான் அடித்த மனிதருக்கு அப்போது கண் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடித்திருக்கமாட்டாயா என்று என் மனைவி கேட்டாள்.

அவரை முதலில் பார்த்ததே ஓர் அடிதடியில்தான். ஈப்போவில் ஒரு பழைய தியேட்டரை இடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எழுபது எம்.எம். படம் ஓட்டுகிற புரொஜெக்டர் ஒன்று இன்னும் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, நானும் என் மனைவியின் தம்பியும் லாரியை எடுத்துக்கொண்டு போனோம். எனக்குக் கோப்பெங்கில் லாரி பட்டறை. அவன் கமுந்திங்கிலிருந்து சரக்கு ஏற்றுகிறவன். நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். சாதாரணப் படம் முப்பத்தைந்து எம்.எம். பிலிமில் இருக்கும். எழுபது அதற்கு இரட்டை அகலம். திரையும் அதற்கேற்றாற்போல் சுவருக்குச் சுவர். அந்தப் பிலிமை இழுக்கிற மெஷின் மலேசியாவில் இன்னும் எத்தனை மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் படத்தின்மேல் பைத்தியம் கிடையாது. மெஷின்மேல்தான்.

நாங்கள் படியேறிப் போனபோது கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் சம்மட்டியால் மெஷினின் விளக்குப் பெட்டியை அடித்து நசுக்கிக்கொண்டிருந்தான்.

"ஓய், நிறுத்துலா! நாங்க எடுத்துக்கிறோம்!" என்றேன்.

"இரும்புக் கடைக்குப் பேசியாச்சு. போயிருலா, போயிருலா," என்று சொல்லிவிட்டு மறுபடி ஓங்கினான்.

அந்த அடி மெஷின்மேல் விழவில்லை. அதற்குள் என் நெற்றி அவன் மூக்கில் மோதியிருந்தது. எலும்பு நொறுங்கின சத்தம் எனக்கே கேட்டது. கீழே இருந்து இரண்டு பேர் இரும்புக் குழாயோடு ஓடி வந்தார்கள். என் முதுகில் ஒன்று விழுந்தது, தோளில் ஒன்று. மச்சான் ஜாக்கிக் கம்பியைச் சுழற்றியதில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உருண்டான். ஒரே தூசி, ரத்தம், மலாயிலும் தமிழிலும் கெட்ட வார்த்தை.

இத்தனைக்கும் நடுவில், எங்களுக்கு முன்பே வந்திருந்த ஒருவர், முதுகால் லென்ஸை மறைத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நின்றார். அறுபது தாண்டிய வயது, மடிப்புக் கலையாத கால்சட்டை. குழாய் ஒன்று அவர் காதை உரசிக்கொண்டு போனது. ஆள் இடத்தைவிட்டு நகரவில்லை. எல்லாரும் களைத்துப்போய் மூச்சு வாங்கியபோது, "அடிபாடு முடிஞ்சுதெண்டால் ஆராவது இதில ஒரு பக்கம் பிடியுங்கோ. பாரம் கூட," என்றார்.

மூக்குடைந்தவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மெஷினை அவனும் சேர்ந்துதான் இறக்கினான்.

அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். சிலோன்காரர்கள். அவர் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே ஆபீசுக்குக் கிராணியாக, கணக்கெழுத வந்தவர். என் தாத்தா சுங்காய்ப் பக்கம் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவ வந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டு வாசலோடு நின்று பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்களாம். எங்களுக்குள் அந்த மெஷின் அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது என்று நினைத்தேன். நான் அவரை அண்ணே என்றேன். அவர் பிரியமாக இருந்தால் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் நீர் என்பார்.

மெஷினை வைக்க இடம் கிடைத்தது சுங்காய் போகிற வழியில், ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில். இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தாயிற்று. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோடுகிற கூடம் மட்டும் இடிக்க ஆளில்லாமல் நின்றது. நல்ல நீளம், நல்ல உயரம், ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் கும்மிருட்டு. பல வருஷப் புகை ஏறிச் சுவரெல்லாம் அட்டக்கரி. படம் ஓட்ட இதைவிட என்ன வேண்டும்? லாரிக்குப் போடுகிற கான்வாஸில் வெள்ளையாகப் பார்த்து வாங்கித் திரை தைத்தோம். நான் இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் அடித்தேன். திரையின் இரண்டு ஓரமும் பார்க்கிறவனை நோக்கி வளைந்து வரும்.

அந்த ஓரம்தான் அண்ணனுக்கு உயிர். "நடுவில என்ன கிடக்கு? நடுவை டிவியிலயும் பாக்கலாம், போன்லயும் பாக்கலாம். ஓரத்தைத்தான் தம்பி வெட்டி எறிஞ்சுபோட்டாங்கள்," என்பார். டிவிப் பெட்டிக்குள் அடக்குவதற்காக அகலப் படங்களை இரண்டு பக்கமும் நறுக்கியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர், "அவங்கட கையை முழங்கையோட எடுக்கவேணும்," என்பார். அதை அவர் சொல்லும்போது எனக்கு அவர்மேல் ரொம்பப் பிரியம் வரும்.

திரையைச் சரிபார்க்க அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. நடு நாற்காலியில் உட்கார்ந்து நடுப் புள்ளியைப் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பக்கூடாது. இரண்டு ஓரமும் தானாகக் கடைக்கண்ணில் வந்து நிற்க வேண்டும். படம் பார்க்கிறவன் அப்படித்தானே பார்க்கிறான்? தலையைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பரீட்சை செல்லாது. எங்களுக்கும் அதுதான் சட்டம். கடைசியில் அந்தச் சட்டமே எங்கள் எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பாடு வாங்கிக்கொண்டு திரும்பியபோது கூடத்தின் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே இரண்டு பேர். செம்புக் கம்பிக்கு வந்தவர்கள் லென்ஸையும் சேர்த்துக் கழற்றியிருந்தார்கள். ஒருவன் செம்பனைக்குள் ஓடிவிட்டான். மற்றவனைப் பிடித்தேன். அவன் கையைக் கதவு நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அவன் போட்ட கூச்சலுக்கு மரத்தில் இருந்த குருவியெல்லாம் பறந்துபோயிற்று. மூன்றாவது தடவைக்கு முன் அண்ணன் தன் கையை உள்ளே வைத்துவிட்டார்.

"இப்ப சாத்தும்," என்றார்.

நான் கதவை விட்டேன். அவர் ஓர் அட்டையைக் கிழித்து அவன் விரல்களுக்குக் கட்டுப் போட்டார். "படம் எடுக்காமலே சொல்லுவன், ரெண்டு முறிஞ்சிருக்கு," என்று தன் காரில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நீர் மெஷினைக் காப்பாத்தேல்லை. உம்மட கைக்குத் தீனி போட்டீர்." நான் சிரித்தேன். அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு அந்தப் படம் வந்தது. கமுந்திங் பக்கம் மூடிப்போன ஒரு தியேட்டரின் கிடங்கில் மச்சான் கண்டுபிடித்தான். தகர டப்பாக்களைத் திறந்தால் புளித்த காடி வாடை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுபது எம்.எம். தமிழ்ப் படம். அண்ணன் தன் இருபது வயதில், நாங்கள் மெஷின் எடுத்த அதே தியேட்டரில் ஏழு தடவை பார்த்தது. நிறமெல்லாம் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. பிலிம் புளித்தால் சுருங்கும். சுருங்கினால் அதன் ஓட்டைகள் மெஷினின் பல்லில் உட்காராது, கிழியும். அண்ணன் அளந்து பார்த்துவிட்டு, "ஒருக்கா ஓடும். ரெண்டாந்தரம் கேக்கப்படாது," என்றார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒருக்கா இதை ஓரத்திலயிருந்து ஓரம் வரைக்கும் பாத்துட்டனெண்டால் எனக்குக் காணும், தம்பி. கெதியாச் செய்வம்."

அவர் எதற்கும் அவசரப்படாத ஆள். ஏன் இந்த அவசரம் என்று நான் கேட்கவில்லை. பிலிமைச் சுற்றும்போது ஒட்டு விட்டு, அறுந்த நுனி சாட்டை மாதிரி வந்து அவர் கன்னத்தைக் கிழித்தது. மச்சானும் நானும் அது வருவதைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டோம். பக்கத்தில் நின்ற அவர் சாய்க்கவில்லை. ரத்தம் காலர் வரை வழிந்தது. வயசாகிவிட்டது மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். மடையன் நான்.

தகட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். லென்ஸ் எப்போதும் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே படத்தைப் போடும். அதைத் திரை அளவுக்குக் கொண்டுவர, மெஷினுக்குள் நடுவில் ஜன்னல் வெட்டிய ஒரு தகடு உண்டு. ஜன்னல் எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம்தான் திரைக்குப் போகும். ஒவ்வொரு கூடத்துக்கும் திரையும் வளைவும் வேறு. அதனால் ஜன்னலைச் சின்னதாக வெட்டிக்கொண்டு, பிறகு அரத்தால் ராவி ராவி அகலப்படுத்துவோம். ராவு, மாட்டு, விளக்கைப் போட்டுப் பார், கழற்று, மறுபடி ராவு. தேய்ந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த வேலையை அண்ணன் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை தனியாகவே இருந்து ராவினார். நாலாவது ஞாயிறு எங்களைக் கூப்பிட்டு, "வந்து பாருங்கோ. சரியா வந்திட்டுது," என்றார்.

ஒன்றுக்கும் உதவாத வேறொரு ரீலைப் போட்டுக் காட்டினார். படம் திரையின் நடுவில் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் கான்வாஸ் வெளிச்சமே இல்லாமல் இருண்டு கிடந்தது.

"அண்ணே, ஓரம் வரலியே," என்றேன்.

"வந்திருக்கு."

"எங்கண்ணே வந்திருக்கு? ரெண்டு பக்கமும் ஒரு முழம் கருப்பா இருக்கு. வெட்டிட்டீங்களே!"

"நான் இருந்து பாத்தனான். தலை திருப்பாமல் பாத்தனான். முழுக்க வந்திருக்கு. நீர் மெஷினைப் பாரும். படத்தை நான் பாக்கிறன்."

மச்சான் என் கையைப் பிடித்தான். "விடு மச்சான், சாப்புட்டு வந்து பாக்கலாம்லா."

நான் விடவில்லை. "கண்ணு முன்னால இருக்கு, இல்லன்றீங்க! டிவிக்காரன் கைய வெட்டணும்னு சொல்லுவீங்க, இப்ப நீங்களே வெட்டி வச்சிருக்கீங்க. போய்த் தொட்டுப் பாருங்கண்ணே!"

அவர் முகம் மாறியது. அது கோபம் என்று நினைத்தேன். பயம் என்று இப்போது தெரிகிறது. அந்தப் பயத்தில்தான் அவர் வாயிலிருந்து அது வந்திருக்க வேண்டும்: "தோட்டத்துச் சனத்துக்கு ஓரம் எது, நடு எது எண்டு விளங்குமே?"

என் தாத்தா, என் அப்பா, அந்த வாசல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஏறிவிட்டன. அடித்தேன்.

ஆளை அடித்துப் பழகியவனுக்கு ஒன்று தெரியும். கை கிளம்பும்போதே எதிராளியின் கண் சிமிட்டும், கழுத்து உள்ளே போகும். எப்பேர்ப்பட்ட முரடனுக்கும் போகும். அவருடைய இடது பக்கத்திலிருந்து என் கை போனது. அவர் சிமிட்டவில்லை. கழுத்து அசையவில்லை. அப்படி ஒன்று வருகிறது என்றே தெரியாத முகத்தோடு என்னைப் பார்த்தபடி நின்றார். அந்த அரைக் கணத்தில் எனக்கு ஏதோ தப்பு என்று பட்டது, ஆனால் கையைத் திருப்ப நேரம் இல்லை. இடது கண்ணில் முழுசாக இறங்கியது. அவர் சத்தம் போடாமல் உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

"பெரிய மனுசன்டா! நாயே, பெரிய மனுசன்டா!" என்று கத்திக்கொண்டே மச்சான் ஸ்பேனரால் என்னை அடித்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. நான் அப்படியே மெஷின்மேல் போய் விழுந்தேன். அதன் காலுக்கு அண்டை கொடுத்திருந்த மர ஆப்புகள் கறமுற என்றன. மச்சான் மறுபடி ஓங்கினான். நான் தடுக்கவில்லை. அவன் அழுதுகொண்டு ஸ்பேனரைக் கீழே போட்டான்.

மூவரும் ஒரே காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மச்சான் ஓட்டினான். பின்சீட்டில் நானும் அண்ணனும், அவர் கண்ணில் துண்டு. டாக்டர் கேட்டபோது அண்ணன், "சாமான் அடுக்கிற றாக்கையில மோதிப்போனன்," என்றார். என்னைக் காட்டி, "அவர் என்னைப் பிடிக்க வந்து விழுந்திட்டார்," என்றும் சொன்னார்.

நாலு நாள் கழித்துத் தோளில் கட்டோடு வார்டுக்குப் போனேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும் அவர் கேட்டார்:

"ஆர் அது? எந்தப் பக்கம் நிக்கிறீர்?"

நான் கட்டிலைச் சுற்றி, அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

அவரே சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற வியாதி. இரண்டு வருஷமாக யாருக்கும் சொல்லாமல் மருந்து விட்டுக்கொண்டிருந்தாராம். "ஓரத்திலயிருந்துதான் தம்பி போகுது. நடு கடைசி வரைக்கும் இருக்கும். கருப்பாத் தெரிஞ்சால் எண்டாலும் நான் பிடிச்சிருப்பன். கருப்பாத் தெரியாது. மூளை தானா ஏதோ போட்டு நிரப்பிப்போடும். நானும் தலை திருப்பாமல் இருந்து, முழுக்க வந்திட்டுதெண்டு நினைச்சன்." இடது கண்ணில் இருந்த மிச்சம் என் அடியில் போய்விட்டது. வலது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவு இருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாதாம்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஓவென்று அழுதேன். வெட்கமாக இருந்தது, என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"அழாதையும். பக்கத்துக் கட்டில்காரர் பயப்பிடுறார்," என்றார். பிறகு, "தோட்டம் எண்டு சொன்னது பிழை. அது என்ர வாயில இருந்ததே எனக்குத் தெரியாது," என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. "தகட்டை நீர் ராவும். எனக்கு இன்னும் ஒரு கண் கிடக்கு. பிலிம் சுருங்குது. ரெண்டில எது முந்துதெண்டு பாப்பம்."

ஒரு கையால் ராவினேன். மச்சான் தகட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தான். 'ம்', 'போதும்' அவ்வளவுதான். தலை திருப்பாத சட்டமெல்லாம் இந்த முறை கிடையாது. ஒவ்வொரு தடவையும் திரை வரைக்கும் நடந்துபோய், கான்வாஸின் கடைசித் தையலில் வெளிச்சம் விழுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். வலது பக்கம் ராவ ராவப் போய்க்கொண்டே இருந்தது. இடது பக்கம் நாலு இழுப்பிலேயே நிறைந்துவிட்டது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை. அவருடைய ஓரத்தில் ஒரு நூல் குறைந்தாலும் என்னை நானே மன்னிக்கமாட்டேன் என்று இன்னும் ராவினேன்.

அண்ணன் வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம் ஓட்டினோம். ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும், எழுபது எம்.எம். என்றால் உயிரை விடுகிற பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மச்சான் மெஷினில் நின்றான். அண்ணன் நடு நாற்காலியில், இடது கண்ணில் மூடியோடு உட்கார்ந்தார். அவர் இடப்பக்கம் நான்.

படம் முழுக்கச் சிவப்பு. கதாநாயகன், குழந்தை, ஆகாயம், எல்லாம் ரத்தத்தில் முக்கி எடுத்த மாதிரி. பிலிம் கிழிகிற சத்தம் மெஷினிலிருந்து படபடவென்று வந்துகொண்டே இருந்தது. முதல் ரீலில் இரண்டு தடவை அறுந்தது. ஓடிய பகுதியை இனி ஒருபோதும் ஓட்ட முடியாது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. அண்ணன் தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாகப் படத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப ரயில் நிலையம் வரும்," என்று அண்ணன் என் கையைப் பிடித்தார். "இடது கடைசியில ஒரு பொம்பிளை நிக்கிறா. அவன் விட்டிட்டுப் போன மனுசி. ஒரு வசனமும் இல்லை அவவுக்கு. டிவியில அவவை அப்பிடியே வெட்டிப்போட்டாங்கள். அவன் வெறும் வெளியைப் பாத்துக்கொண்டு நிக்கிறானெண்டு சனம் நினைக்குது. நாப்பது வருசமாச்சு நான் அவவைக் கண்டு. நிக்கிறாவோ?"

ரயில் நிலையம் வந்தது. கதாநாயகன் நடுவில் நின்று இடது பக்கம் பார்த்தான். அண்ணன் தலையைத் திருப்பி, கான்வாஸின் கடைசிவரை போய்த் தேடினார். நானும் தேடினேன். பெண் இல்லை.

திரும்பி மெஷின் பக்கம் பார்த்தேன். அடிபட்டு நான் மெஷின்மேல் விழுந்தேனே, அன்று ஆப்பு நகர்ந்து மெஷின் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே ஒரு விரல் நகர்ந்தால் திரையில் ஒரு முழம். திரும்பிய மெஷினுக்குத்தான் நான் தகட்டை ராவியிருக்கிறேன். நான் அளவுக்குமேல் ராவிய ஜன்னல் வழியாக அந்தப் பெண் திரையைத் தாண்டிக் கரிச்சுவரில் விழுந்துகொண்டிருந்தாள். கரியில் எதுவும் தெரியாது.

நிற்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்?

"இல்லண்ணே," என்றேன். "சுவத்துல போயிருச்சு. நான்தாண்ணே. நான் விழுந்ததுல மெஷின் திரும்பிருச்சு."

அவர் என் கையை விட்டார். எழுந்தார். நாற்காலிகளைத் தடவிக்கொண்டு, வெளிச்சத்தின் குறுக்கே இடது பக்கமாக நடந்தார். அவர் நிழல் பெரிதாகத் திரையில் விழுந்தது.

"அங்கிள், டுடுக்லா, உக்காருங்க! மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "கண்ணு தெரியலியா என்ன?"

அவன் வாயை மூடுவதற்குள் அவன் சட்டைக் காலர் என் கட்டுப்போட்ட கையில் இருந்தது, மற்றக் கை ஓங்கியிருந்தது. தோள் எலும்பு உயிர் போகிற மாதிரி வலித்தது. அவன் கண்ணைச் சிமிட்டிக் கழுத்தை உள்ளே இழுத்தான். அப்போது யாரோ, "ஐயோ, அங்க பாருங்க," என்றார்கள்.

அண்ணன் திரை முடிகிற இடத்தைத் தாண்டி, கரிச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டையில் அந்தப் பெண் நின்றாள். செக்கச்செவேல் என்று, முகமும் தோளும், சேலைத் தலைப்பை வாயில் கடித்தபடி. அவர் சட்டையின் அடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடித்தார். தலையைக் குனிந்து, மிச்சமிருந்த அந்த ஒரு குழாய்க் கண்ணால் தன் நெஞ்சைப் பார்த்தார்.

"இஞ்ச நிக்கிறா," என்றார். "தம்பி, இஞ்ச நிக்கிறா."

கூடத்தின் கடைசியில் மெஷினோடு நின்ற மச்சானுக்கு அது தெரியவில்லை. பல வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் என்னை மச்சான் என்று கூப்பிட்டான்.

"மச்சான், ஆப்பு நவுந்திருக்குலா! படம் சுவத்துல போவுது! மெஷின இந்தப் பக்கம் தள்ளட்டா?"

"தொடாதடா!" என்று நான் அலறினேன். "மெஷின்ல கை வச்சே, கைய ஒடச்சிருவேன்!"